எவ்வளவு நாள் என்று கேட்டால்

என் ஓரகத்தி கலாதேவிக்கு இங்கிலீஷ் வந்தது மாடிப்படியில். ஈப்போ பழைய டவுனில் ஒரு ஹோட்டலில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். அவள் மேலே அறைகளைச் சுத்தம் செய்கிறாள். நான் கீழே துணி அறையில் விரிப்புகளை மடிக்கிறேன். வெள்ளைக்காரர்கள் படியில் இறங்கும்போது அவள் வாளியை ஓரமாக இழுத்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் ஏதாவது கேட்பார்கள், இவள் ஏதாவது சொல்வாள், கடைசிப் படிக்குள் ஒரு சிரிப்பு வந்துவிடும். துணி அறைக் கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். அந்தச் சிரிப்பு தவறாமல் எனக்கும் கேட்கும்.

அவள் கணவர் அப்பாவு மூத்தவர், என் கணவர் தேவன் இளையவர். ஈப்போவிலேயே சிலிபின் பகுதியில் எங்கள் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். அவள் பூண்டு தட்டினால் என் வீட்டில் கேட்கும். பிறந்ததும் நாங்கள் ஒரே இடத்தில்தான், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில். இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. அவள் பதினைந்து வயதில் அம்மாவோடு பால் மரம் வெட்ட, ரப்பர்ப் பால் எடுக்கப் போனாள். நான் ஆறாம் வகுப்போடு நின்று அதே தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். அவளும் என்னைவிட அதிகம் படித்தவள் அல்ல. அதுதான் எனக்கு ஆறாத விஷயம். படித்தவள் பேசினால் போகட்டும் என்று விடலாம். என்னைப் போன்றவள் பேசும்போது எப்படி விடுவது?

அவள் இங்கிலீஷ் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியது. ஹோட்டலில் வேறு என்ன கேட்கப் போகிறார்கள்? மழை எப்போது விடும், அறை தயாரா, சூடுதண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆகும், குகைக் கோயிலுக்குப் போய்வர எவ்வளவு நேரம் பிடிக்கும். எங்கள் ஊர் மழை மத்தியானம் தவறாமல் வரும். அவர்கள் வாசலில் நின்று, "டஸ் இட் லாஸ்ட் லோங்?" என்பார்கள். அவள் வானத்தைப் பார்த்துவிட்டு, "நோட் லோங், மேடம். இட் ஸ்டாப், தென் இட் கீப் ரெய்னிங்" என்பாள். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாள் குடையை மடக்கி வைத்துவிட்டு இவளோடு நின்று பேசுவாள்.

ஒருமுறை ஒரு வயதான தம்பதி ஒரு வாரம் தங்கினார்கள். அந்த அம்மாள் இவளிடம், இங்கே எத்தனை காலமாக வேலை செய்கிறாய் என்று கேட்டாள். "லோங் டைம் ஆல்ரெடி" என்றாள் கலாதேவி. நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மாள் திருத்தவில்லை. "சோ யூ ஹேவ் பீன் ஹியர் எ லோங் டைம்" என்று தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். மறுநாள் இன்னொருவர் கேட்டபோது கலாதேவி, "ஐ ஹேவ் பீன் ஹியர் எ லோங் டைம்" என்றாள். ஒருமுறை காதில் விழுந்தது, அவ்வளவுதான். எனக்கும் விழுந்தது. ஆனால் என்னிடம் யாரும் வந்து எத்தனை காலமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் துணி அறைக்கு வந்து, மடித்த விரிப்புகளின் மேல் சாய்ந்துகொண்டு எனக்குப் பாடம் எடுப்பாள். நான் கேட்டதே இல்லை.

"இந்தா துளசி, ஸ்டில்னா மரத்து மங்குல பால் இன்னும் சொட்டிக்கிட்டே இருக்கு. ஆல்ரெடின்னா மங்கு நெறஞ்சி போச்சு. நோட் யெட்னா நீ இன்னும் மரத்துல கத்தியே வைக்கல."

"அப்ப எ வைல்?"

"அது மோசமான சொல்லு. வெள்ளக்காரன் 'எ வைல்'னு சொன்னா நீ டீ கலக்கிக் குடிச்சிட்டு வரலாம். 'எ மினிட்'னு சொன்னா சோறே வடிச்சிட்டு வரலாம்."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருப்பேன். சிரித்துவிடுவேன்.

அவள் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் தங்கிப் போனது. நாம் ஒரு வேலைக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்கிறோம். நேரம் அதுபாட்டுக்கு ஆகிறது. அவர்களோ வேலை நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்கிறார்கள். டேக்ஸ். நம் கையில் இருந்ததை யாரோ வந்து எடுத்துக்கொண்டு போவதைப் போல. இதைக் கேட்ட அன்று எனக்கு தினேஸ்வரியின் ஞாபகம் வந்தது.

தினேஸ்வரி கலாதேவியின் ஒரே மகள். எனக்கு ஒரே மகன், பவித்ரன், சிங்கப்பூரில் இருக்கிறான். தினேஸ்வரி கைக்குழந்தையாக இருந்தபோது கலாதேவி விடியற்காலை வேலைக்குப் போய்விடுவாள். நான் அப்போது வேலைக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சோறூட்டியது நான். தலை பின்னியது நான். பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான். காய்ச்சல் வந்தால் என் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். சாயங்காலம் கலாதேவி வந்து கதவைத் தட்டியதும் என் மடியிலிருந்து இறங்கி ஓடுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். குழந்தைகள் அப்படித்தான். எனக்கும் தெரியும்.

இப்போது அவள் பெர்த்தில் தாதியாக இருக்கிறாள். இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு, வயிற்றில் குழந்தை என்று சொன்னாள். நாங்கள் இருவரும் கலாதேவி வீட்டு சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம்.

"செப்டம்பர்ல டியூ மா. நீங்க வந்துடணும். பந்தாங் எல்லாம் எனக்கு யாரு பாப்பா?"

பந்தாங் என்றால் பிள்ளை பெற்றவளுக்கான பத்தியமும் ஓய்வும். பந்தாங் பார்ப்பதில் சிலிபினில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. தினேஸ்வரியின் கண் ஒரு கணம் என் பக்கம் வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சித்தி, நீங்க அம்மாவுக்கு மருந்தெல்லாம் இடிச்சிக் குடுத்து விடுங்க, சரியா?"

"சரிம்மா" என்றேன்.

மருந்து இடிக்க ஆரம்பித்தேன். சுக்கு, மிளகு, ஓமம். என் வீட்டு உரலில் இடிக்கும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இடித்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. தினேஸ்வரியோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அம்மா, கிள்ளானிலிருந்து போனவர், பெர்த் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டார். எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அந்த அம்மா, "டோன்ட் நோ, சீ ஃபர்ஸ்ட் லா" என்றிருக்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டும் அதையேதான். வேலைக்கு வந்து ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்து அடுத்த விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். பேரக்குழந்தையை அவர் போனில்தான் பார்த்தார்.

"அதனால அம்மா, ஹவ் லோங்னு கேட்டா டக்குனு சொல்லணும். எய்ட் வீக்ஸ், டென் வீக்ஸ், எதாச்சும் ஒண்ணு. டிக்கெட் என்ன டேட்டோ அத சொல்லுங்க. நீங்கதான் இங்கிலீஷ்ல வெளுத்துக் கட்டுவீங்களே."

கலாதேவி சரி சரி என்று தலையாட்டினாள். ஆனால் போன் வைத்ததும் அவள் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. எனக்குக் காரணம் தெரியும். எங்கள் லயத்தில் வளர்ந்த எவளுக்கும் தெரியும்.

மகள் பிரசவத்துக்குப் போகிற தாய் திரும்பி வரும் நாளைத் தன் வாயால் சொல்லக் கூடாது. எங்கள் லயத்தில் அது ஒரு கட்டு. பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தாய் நாள் குறித்தால் அது பிள்ளைமேல் நாள் குறித்ததாக ஆகிவிடும் என்பார்கள். யாரும் அவளிடம் கேட்கவும் மாட்டார்கள். பிள்ளைக் கொட்டகையில் நான் இருந்தபோது அப்படிப் போன பெண்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மூட்டையோடு லாரியில் ஏறுவார்கள், பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கலாதேவியின் அம்மா தன் மூத்த மகளின் பிரசவத்துக்கு தாப்பா பக்கம் போனபோது திரும்பும் நாளை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்தக் குழந்தை தங்கவில்லை. அதனால் இதனால் என்று இல்லை. ஆனால் கலாதேவி அந்த வீட்டுப் பெண்.

ஆகஸ்ட் முழுக்க மத்தியானங்களில் நான்தான் அதிகாரி. அவள்தான் அப்படி ஏற்பாடு செய்தாள்.

"நீ அந்த மேசைக்குப் பின்னால நில்லு. மொகத்த கடுகடுன்னு வச்சிக்க. அது ஒனக்கு வரும்."

நான் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றேன். அவள் தலையணை உறையைக் கைப்பைபோல் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"பர்ப்பஸ்?" என்றேன்.

"மை டோட்டர் ஹேவிங் பேபி, சார்."

"ஹவ் லோங்?"

வாய் திறந்தது. அவ்வளவுதான். மழையையும் சூடுதண்ணீரையும் குகைக் கோயிலையும் மணிக்கணக்காகச் சொல்லும் வாய் அது. ஊராருடைய நேரத்துக்கெல்லாம் அவளிடம் சொல் இருந்தது.

"பேபி கம்... தென்... சீ ஃபர்ஸ்ட்" என்றாள்.

"போச்சு. அடுத்த பிளேன்" என்றேன்.

"கொஞ்சம் மெதுவாத்தான் கேளேன்டி. நீ கேக்கறதப் பாத்தா உண்மையான ஆபீசரே பயந்துடுவான்."

"ஹவ் லோங்?"

"சீ ஃபர்ஸ்ட்."

ஒவ்வொரு நாளும் இப்படித்தான். எனக்கு அது இனித்தது. அவளால் முடியாத ஒன்று இங்கிலீஷிலேயே இருக்கிறது. எனக்கோ அந்தக் கட்டு கிடையாது. நான் தாய் இல்லையே. ஹோட்டல் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, "எய்ட் வீக்ஸ், சார்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அட்டகாசமாக வந்தது. வெளியே வந்து கைகழுவும் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவிட்டேன்.

கலாதேவிக்கு இது எப்படியோ தெரிந்திருந்தது. ஒருநாள் விரிப்பின் இரண்டு முனைகளை அவளும் இரண்டு முனைகளை நானும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"ஒனக்கு வாயி இல்ல, எனக்கு நாளு இல்ல. ரெண்டு பேரையும் சேத்துத் தைச்சி ஒரே டிக்கெட்ல அனுப்பலாம்."

நான் என் முனைகளைக் கொண்டுபோய் அவள் முனைகளோடு சேர்த்தேன்.

"துளசி, நம்ம லயத்துல எப்படி? வீட்ல இருக்கறவதானே நாளு சொல்லுவா?"

அதுவும் உண்மைதான். தாய் சொல்லக் கூடாது. ஆனால் வீட்டில் தங்குகிறவள், வழியனுப்புகிறவள் சொல்லலாம். திருவிழாவுக்கு வந்துவிடு, பால் மரம் இலை உதிர்ப்பதற்குள் வந்துவிடு, இப்படி ஏதாவது. அது நாள் குறிப்பது ஆகாது, கூப்பிடுவது. கூப்பிட்ட நாளுக்கு அவள் வந்துதான் ஆக வேண்டும். சொன்னவளின் வாக்கைத் தாண்டக் கூடாது.

"எனக்கென்னக்கா தெரியும்" என்று சொல்லி விரிப்பை வாங்கி அடுக்கில் வைத்தேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. தினமும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் மடிப்பைப் பார்ப்பேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு என்னிடமிருந்து ஒன்று தேவைப்பட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

மெர்டேக்கா சுதந்திர நாள் விடுமுறைக்கு இரண்டு நாள் இருந்தது. விடுமுறைக்கு மறுநாள் அவள் புறப்பட வேண்டும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கலாதேவி துணி அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அவள் கதவைச் சாத்துகிறவள் அல்ல.

"நீ போ துளசி."

"எங்க?"

"தினா கிட்ட. டிக்கெட்ட மாத்தச் சொல்றேன். நீதான அவள வளத்த. ஒன்னோட கைமருந்துதான் அவளுக்கு ஒத்துக்கும். நான் போயி அங்க வாயப் பொளந்துக்கிட்டு நிக்கறதுக்கு நீ போறது மேல்."

எத்தனை மாதமாக நான் காத்திருந்த வார்த்தை அது. மடியில் இருந்து இறங்கி ஓடிய அந்தப் பெண்ணிடம் போகலாம். குழந்தையை முதலில் குளிப்பாட்டுவது என் கையாக இருக்கலாம்.

ஆனால் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொடுத்த சேலைகளைத்தான் நான் கட்டியிருக்கிறேன், ஒருமுறை அவள் கட்டிப் பார்த்த பிறகு. அவள் மாற்றிய பிறகுதான் அந்த வீட்டு மிக்சி என் வீட்டுக்கு வந்தது. இந்த ஹோட்டல் வேலையே அவள் துணி அறையிலிருந்து மேலே அறைகளுக்கு மாறியதால் எனக்குக் கிடைத்த இடம். இப்போது இதுவும். தினேஸ்வரி விமான நிலையத்தில் நின்று, அம்மா வரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதில் நான் வருவேன். அவள் சிரிப்பாள். நல்ல பெண், நிச்சயம் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் ஒரு கணம் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்று சோபாவில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய மிச்சம் எனக்கு வேண்டாம்.

"தீபாவளிக்கு முறுக்கு சுட வந்துடு" என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்தது. "நீ இல்லாம நான் தனியா எண்ணச் சட்டி முன்னால நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

கலாதேவி பக்கத்தில் வந்து என் கையிலிருந்த தலையணை உறையை வாங்கினாள், மடித்தாள், வைத்தாள். கோணலாக மடித்திருந்தாள். அவள் போன பிறகு பிரித்துத் திரும்ப மடித்தேன்.

கலாதேவி பெர்த்தில் இறங்கிய அன்று சாயங்காலமே போன் வந்தது.

"கேட்டுட்டா துளசி, அந்த ஆபீசர். பொம்பளதான், சின்னப் பொண்ணு. ஹவ் லோங்னா. அன்டில் தீபாவளின்னேன். வென் இஸ் தட்னா. நவம்பர், மை சிஸ்டர் சே மஸ்ட் கம் பேக், வீ ஃப்ரை முறுக்குன்னேன்."

"அப்புறம்?"

"டிக்கெட்டப் பாத்தா. நீங்க எப்பவும் தங்கச்சி சொல்றதக் கேப்பீங்களான்னு கேட்டா. நோ மேடம், ஃபர்ஸ்ட் டைம்னேன். சிரிச்சிட்டு பாஸ்போர்ட்ல சாப்பு அடிச்சிட்டா."

அங்கேயும் ஒரு சிரிப்பை வாங்கிவிட்டாள். என் வார்த்தையை வைத்து வாங்கியது.

குழந்தை பிறந்தது, பெண். கலாதேவி தினமும் படம் அனுப்பினாள். குளிப்பாட்டும் படம், என் மருந்தைக் கரைக்கும் படம், நெஞ்சின் மேல் குழந்தை தூங்கும் படம். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். தலையைத் தாங்கிப் பிடித்திருக்கும் விதம் சரியில்லை என்று தோன்றும். ஒருநாள் அதைச் சொல்லவும் சொன்னேன். மறுநாள் படத்தில் சரியாகப் பிடித்திருந்தாள்.

ஹோட்டலில் அவள் இடத்துக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். நல்ல பெண். படியில் யாராவது வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். யாரும் சிரிக்கவில்லை. துணி அறைக் கதவைச் சாத்தி வைத்தேன். சாத்தினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். பெரிய விரிப்புகளைத் தனியாக மடிக்க முகவாயால் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு வெள்ளைக்காரர் வந்து, கலாதேவி எங்கே என்று கேட்டார். போன வருடமும் வந்தவராம். "நோட் யெட்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் பூண்டு தட்டும் சத்தம் இல்லை. அப்பாவு அண்ணனுக்கு நான்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கவனித்தேன், எனக்கு இப்போது கலாதேவியின் மேல் வயிறு எரியவில்லை. தினேஸ்வரியின் மேல் எரிந்தது. என் மடியில் வளர்ந்த பெண். கலாதேவியை முழுதாக எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் பாதியில் தினேஸ்வரி கூப்பிட்டாள்.

"சித்தி, ஒண்ணு கேக்கணும். அம்மாவ இன்னும் கொஞ்ச நாள் விடுங்களேன். விசா டிசம்பர் வரைக்கும் செல்லும். டிக்கெட்ட நான் மாத்திக்கிறேன். அம்மா ஒங்களக் கேக்காம மாட்டேன்னுட்டாங்க."

"எவ்வளவு நாளு?" என்றேன்.

இப்படி நேராகக் கேட்டு அவள் என்னைப் பார்த்ததில்லை.

"ஒரு மாசம் சித்தி. கொஞ்சம் கூடவும் ஆகலாம். பாப்பா அம்மாகிட்டதான் தூங்குறா."

"முறுக்குக்கு மாவு அரைச்சாச்சும்மா" என்றேன். "ஆல்ரெடி."

பின்னால் கலாதேவியின் சிரிப்பு கேட்டது. படியில் கேட்பேனே, அதே சிரிப்பு. போனை வாங்கினாள்.

"ஏன்டி, தீபாவளிக்கு இன்னும் எவ்வளவோ நாளு கெடக்கு. இப்பவே அரைச்சி வச்சா வண்டு வந்துடாதா?"

"வராது."

"பொய்யி சொல்ற."

"அரைச்சாச்சுக்கா."

குழந்தை எங்கோ முனகியது.

"சரி, வாரேன்" என்றாள். "டின்ன நல்லா மூடி வையி."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அரிசி சாக்கு கட்டுப் பிரிக்காமல் இருந்தது. பிரித்து அளந்து கழுவினேன். முன்வாசலில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்பினேன். உளுந்தை வறுக்கச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். மத்தியான மழைக்கு முன்னால் அரிசி காய வேண்டும். மில்காரர் மழை பிடித்தால் கடையைச் சாத்திவிடுவார்.